மூடியைத் திறக்காதீங்க, மேடம்

பிளக்கைப் பிடுங்கி, ஊதி, மறுபடி சொருகினாள் அண்ணி. பட்டனை அழுத்தினாள். விளக்கு எரியவில்லை. தட்டு சுற்றவில்லை. ஒரு வருஷமாகக் காதுக்குப் பழகிப்போன அந்த உறுமலும் இல்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருட்டில் ஆறு சாப்பாட்டு டப்பாக்கள், வைத்தது வைத்தபடி.

மணி பதினொன்று இருபத்திரண்டு.

கவுண்டருக்கு அடியில் இன்னும் முப்பத்தெட்டு டப்பா. காலையில் வீட்டில் சமைத்து, அடைத்து, இரண்டு பைகளில் தோள் கழண்டுபோகச் சுமந்துகொண்டு வந்தது. எல்லாம் ஆறிக் கல்லாகக் கிடக்கிறது.

பன்னிரண்டே முக்காலுக்கு பில்டிங் மேனேஜர் சாப்பிட வருகிறார். பசிக்கு வரவில்லை. "சாப்பாடு சில்லுனு இருக்கு" என்று ஒரே மாதத்தில் அவரிடம் இரண்டு புகார் போயிருந்தது. இன்று அவரே உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்த்து முடிவு சொல்வார். சூடாக இருந்தால் கவுண்டர் இன்னும் ஒரு வருஷத்துக்கு அண்ணியுடையது. இல்லையென்றால் ஒன்றாம் தேதி இந்த இடத்தில் காசு போட்டால் பிஸ்கட் துப்பும் மெஷின் வந்து நின்றுகொள்ளும். அதற்குச் சம்பளமும் வேண்டாம், உட்கார ஸ்டூலும் வேண்டாம்.

கட்டடத்தில் நெருப்பே கூடாது. கேஸ் கூடாது, சுருள் அடுப்பு கூடாது. பின்பக்கம் பாதுகாப்பு ஸ்டிக்கர் ஒட்டிய மூடின ஓவன் ஒன்றுதான் ஆறாம் மாடியில் இருக்கலாம். வேறு ஓவன் கொண்டு வந்தால் அதற்கு ஸ்டிக்கர் ஒட்ட இரண்டு நாள் ஆகும்.

"ஏங்க, ஓவன் செத்துடுச்சு." புருஷனுக்குப் போன் போட்டபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"செத்துச்சா, மயங்கிச்சா?"

"விளையாடாதீங்க. இன்னைக்கு என்ன நாள்னு தெரியும்ல?"

"தெரியும், தெரியும். கிளம்பிட்டேன். அரை மணி நேரம்."

அவருக்கு அரை மணி நேரம் என்றால் ஒரு மணி நேரம்.

கட்டடத்தில் ஆறு மாடிக்கும் அவள் அண்ணிதான். போன வருஷம் இந்த ஓவனைத் தோளில் தூக்கிக்கொண்டு, லிஃப்ட் வேலை செய்யாத நாளில் ஆறு மாடியும் ஏறி வந்து, "அண்ணி, எங்க வைக்கணும், சீக்கிரம் சொல்லுங்க, உயிர் போகுது" என்று சின்னவன் கத்திய கத்தலில் எல்லோருக்கும் அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. முதலில் கூப்பிட்ட அவன்தான் இப்போது கூப்பிடுவதில்லை.

சின்னவன் அவளுடைய கொழுந்தன். அண்ணனும் தம்பியும் சேர்ந்து நடத்திய ரிப்பேர் கடையில் பெரிய மெக்கானிக், சின்ன மெக்கானிக் என்று இருவருக்கும் பேர். ஓவன், வாஷிங் மெஷின், மிக்சி என்று எது வந்தாலும் நாலு கை சேர்ந்து பிரித்து மாட்டும். இரண்டரை மாதம் முன்பு ஒரு நாள், "வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு" என்று ஒற்றை வரி சொல்லிவிட்டு சின்னவன் போய்விட்டான். ஏன் என்று சொல்லவில்லை, எந்த ஊர் என்றும் சொல்லவில்லை. அவள் புருஷன் பெரியவன், கடைப் பலகையில் 'தம்பி' என்ற எழுத்துகளைக் கத்தியால் சுரண்டி எடுத்தான். அதிலிருந்து கடையில் பாதி வேலைதான் வருகிறது. வீட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த நாலடி கவுண்டர்.

அது போனால் என்ன என்று அண்ணி யோசிக்கவில்லை. யோசித்தால் கை ஓடாது.

ஓவனின் பின்பக்கத்தில் கம்பெனி உதவி எண் ஒட்டியிருந்தது. கை வேலையாக இருக்கும்போதே ஆர்டர் வாங்குவதற்காக எப்போதும் ஒரு காதில் இயர்போன் வைத்திருப்பாள். எண்ணைப் போட்டாள். ஒரு பெண் குரல் பேர் கேட்டது, மாடல் கேட்டது, "ஓவன் பிரிவுக்கு மாத்துறேன்" என்றது. நாலு நிமிஷம் பியானோ வாசித்தார்கள்.

"வணக்கம் மேடம். உங்கள் அழைப்பு பதிவு செய்யப்படுகிறது. உங்கள் பாதுகாப்பு எங்களுக்கு முக்கியம். பிரச்சினை என்னன்னு சொல்லுங்க, ஒண்ணொண்ணா பார்ப்போம்."

அண்ணி கையிலிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

ஒண்ணொண்ணா பார்ப்போம். கடையில் எந்த மெஷினைத் திறந்தாலும் முதல் வார்த்தை அதுதான். அந்த 'பார்ப்போம்' என்பதைக் கொஞ்சம் இழுத்துச் சொல்கிற ஆள் உலகத்தில் ஒருவன்தான்.

"தம்பி?"



"மேடம், அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்றான் சின்னவன், ஒவ்வொரு எழுத்தாக.

அவளுக்குப் புரிந்தது. வெளியூர் என்றானே, இதுதான் வெளியூர். காதில் மைக் மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான். ஸ்பேனர் பிடிப்பவன் எதற்கு மைக் பிடிக்கிறான்? கேட்கவேண்டியது நூறு இருந்தது. கேட்க நேரம்தான் இல்லை.

"சரிங்க சார்" என்றாள். "ஓவன் ஓடலை. பன்னிரண்டே முக்காலுக்கு இங்க மேனேஜர் சாப்பிட வர்றார். சாப்பாடு சூடா இல்லேன்னா என் கவுண்டர் போயிடும். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை, சார்."

அந்த 'சார்' அவனுக்கு எங்கேயோ குத்தியிருக்க வேண்டும். தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினான்.

"அதே பிளக்ல வேற ஏதாவது போட்டுப் பாருங்க மேடம்."

மேஜை விசிறியைச் சொருகினாள். சுற்றியது.

"அப்ப பிளக் நல்லா இருக்கு. கதவு சரியா மூடுதா? ஓரத்துல பருக்கை எதுவும் ஒட்டியிருக்கா?"

துடைத்தாள். மூடினாள். "மூடுது. பட்டன் அழுத்தினா ஒண்ணும் இல்லை. உள்ள விளக்குகூட எரியலை."

"விளக்கும் எரியலைன்னா உள்ள ஃப்யூஸ் போயிருக்கும் மேடம். எங்க மெக்கானிக் ரெண்டு வேலை நாள்ல வருவார்."

"ரெண்டு நாள் கழிச்சு வந்து அவர் இங்க பிஸ்கட் வாங்கித் தின்னலாம்."

"மேடம், மூடியைத் திறக்கச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை."

"நீங்க சொல்லவேண்டாம் சார். எங்க வீட்டுக்காரர் மெக்கானிக்தான். வந்துக்கிட்டிருக்கார். நீங்க போனை வைக்காம இருந்தா போதும்."

"வைக்கலை மேடம்" என்றான். பிறகு, கம்பெனி எழுதிக் கொடுத்த தாளில் இல்லாத ஒரு கேள்வி கேட்டான். "ஓடிக்கிட்டிருக்கும்போதே நின்னுச்சா? இல்ல, கதவைத் திறந்தப்ப நின்னுச்சா?"

அவளுக்கு ஞாபகம் வரவில்லை. நாற்பத்து நாலு டப்பாவுக்கு நடுவில் யார் அதையெல்லாம் பார்த்தார்கள்?

பெரியவன் வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு அடித்து நாலு நிமிஷம். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, தோளில் பை.

"கம்பெனிக்காரன் என்ன சொல்றான்?" அவள் காதைப் பார்த்துக் கேட்டான்.

"மூடியைத் திறக்காதேங்கிறான்."

"வேற என்ன சொல்லுவான்? அதுக்குத்தானே சம்பளம் வாங்குறான். நாற்காலி தேய்க்கிற பயலுக்கு ஓவன் ஒரு கேடு."

இயர்போனில் ஒரு சின்ன இருமல். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஓவனைத் திருப்பினான் பெரியவன். மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில், இரண்டையும் சேர்த்து ஒட்டியிருந்தது கட்டடத்தின் ஸ்டிக்கர். அதைக் கிழிக்காமல் மூடி வராது.

"கிழிக்கவா?"

கடிகாரத்தைப் பார்த்தாள். ஸ்டிக்கர் இருந்து சாப்பாடு ஆறியிருந்தால் கவுண்டர் நிச்சயம் போகும். ஸ்டிக்கர் கிழிந்து சாப்பாடு சூடாக இருந்தால் கெஞ்சிப் பார்க்கலாம்.

"கிழிங்க."

மூடி வந்தது. உள்ளே ஒயர்களுக்கு நடுவில், சின்ன எண்ணெய் டப்பா மாதிரி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"இதை மட்டும் தொட்டுடாதே. கெப்பாசிட்டர். பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரண்ட்டை அடக்கி வச்சுக்கிட்டு இருக்கும். முதல்ல இதைக் காலி பண்ணணும்." பிளாஸ்டிக் பிடி போட்ட நீள ஸ்க்ரூடிரைவரை அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தான். டிக் என்று ஒரு சின்னச் சத்தம். "ஆச்சு."

ஒவ்வொரு வேலை முடிந்ததும் அவன் 'ஆச்சு' என்பான். அவளுக்குப் பழக்கம். தூங்கப் போகும்போதுகூடக் கதவைப் பூட்டிவிட்டு 'ஆச்சு' என்பான்.

ஃப்யூஸ் கருகியிருந்தது. பையில் இரண்டு இருந்தன. ஒன்றை மாட்டினான். ஆச்சு. மூடியைச் சும்மா கவிழ்த்துவைத்து, பிளக் போட்டு, ஒரு டப்பாவை உள்ளே வைத்தான்.

உறுமியது.

அரை நிமிஷம் ஓடியது. சூடு ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கதவைத் திறந்தாள்.

டப்.

விளக்கு போயிற்று. உறுமல் போயிற்று. பன்னிரண்டு பதினெட்டு.

"என்னடி பண்ணே?"

"கதவைத் திறந்தேங்க. கதவைத்தான் திறந்தேன்."

"மேடம்" என்றது காதில் குரல், அவசரமாக, தாழ்வாக. "ஃப்யூஸ் மேல தப்பில்லை. கதவுக் கொக்கிக்குப் பின்னாடி மூணு குட்டி சுவிட்ச் இருக்கும். அதுல ஒண்ணு ஒட்டிக்கிட்டிருக்கு. அது சரியாகாம எத்தனை ஃப்யூஸ் போட்டாலும் போகும்."

தாளும் போயிற்று, அனுமதியும் போயிற்று என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால் இவன் வேலையும் போகும்.

"ஏங்க, கதவு சுவிட்ச்சா இருக்குமோ? கொக்கிக்குப் பின்னாடி?"

பெரியவன் நிமிர்ந்து பார்த்தான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்களோட பதினோரு வருஷம் குடும்பம் நடத்துறேன். காதுல விழாமலா இருக்கும்?"

"பரவாயில்லையே. எனக்கு அடுத்து உன்னைத்தான் கடையில உட்கார வைக்கணும்."

பிளக்கைப் பிடுங்கி மூடியைத் தூக்கினான். கொக்கிக்குப் பின்னால் கையை விட்டான். முட்டி இடித்தது. திருப்பி விட்டான். போகவில்லை. சந்து வேலையெல்லாம் ஒரு காலத்தில் சின்னவனுடையது. அவனுக்குத்தான் மெல்லிய கை.

"என் கை நுழையாது. நீ விடு. அந்தக் கெப்பாசிட்டர் டப்பாவை ஒட்டினாப்ல, ஓரமா உள்ள போ. சுவிட்ச் தட்டுப்படும். அழுத்தி இழுத்தா வந்துடும்."

"அந்த டப்பாவுல கரண்ட்டு?"

"அதான் ஆச்சே. உன் கண்ணு முன்னாடிதானே பண்ணேன்."

ஆமாம், பார்த்தாள். டிக் என்ற சத்தம்கூடக் கேட்டாள். வளையலை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு கையை நீட்டினாள். வாசலில் மூன்றாம் மாடி அக்கவுண்டன்ட் எட்டிப் பார்த்து, "அண்ணி, இன்னைக்குச் சாப்பாடு உண்டா, விரதமா?" என்றார். "ரெண்டே நிமிஷம்" என்று சொல்லியபடி விரல்களை உள்ளே நுழைத்தாள்.

"அண்ணி, கையை எடுங்க."

காதில் சின்னவன். கத்தவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்தது என்னவோ, அவள் கை தானாகப் பின்வாங்கியது.

"அது முன்னாடி பண்ணது, அண்ணி. நடுவுல ஒரு தடவை ஓட்டினாரு இல்ல? ஓட்டினா திரும்ப நிரம்பிடும். இன்னொரு தடவை காலி பண்ணச் சொல்லுங்க. அதுவரைக்கும் தொடாதீங்க."

"என்ன, பயமா?" என்றான் பெரியவன்.

"இன்னொரு தடவை அதைக் காலி பண்ணுங்க."

"ஏற்கனவே பண்ணியாச்சுன்னு..."

"எனக்காகப் பண்ணுங்க. பண்ணினாத்தான் கை விடுவேன்."

நேரம் போகிற கோபத்தில் ஸ்க்ரூடிரைவரை எடுத்து, பார் என்பதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டே இரண்டு முனைக்கும் குறுக்கே வைத்தான்.

உலர்ந்த கட்டையை முழங்காலில் வைத்து முறித்தாற்போல் ஒரு சத்தம். நீலமாக ஒரு வெட்டு. வாசலில் நின்ற அக்கவுண்டன்ட் இரண்டடி பின்னால் போனார். ஸ்க்ரூடிரைவரின் நுனி கருத்துப்போயிருந்தது.

பெரியவன் அந்த நுனியையே பார்த்தான். பிறகு அவள் விரல்களைப் பார்த்தான்.

"பண்ணினேனே" என்றான், யாரிடமோ.

"முதல் தடவை பண்ணீங்க. அப்புறம் ஓட்டினோம். மறந்துட்டீங்க. விடுங்க, மணி ஆகுது." அவள் குரல் நடுங்காமல் இருந்ததற்கு ஒரே காரணம், நடுங்க நேரம் இல்லை. கையை விட்டாள். ஒன்றும் செய்யவில்லை. குட்டியாக ஒரு சுவிட்ச் தட்டுப்பட்டது. இழுத்தாள். ஒரு வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கு அதில் பசைபோல் அப்பியிருந்தது. பெரியவன் ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்தான். பத்துத் தடவை அழுத்திப் பார்த்தான். டிக், டிக். அவள் மாட்டினாள். கடைசி ஃப்யூஸ் உள்ளே போனது. இந்த முறை அவன் 'ஆச்சு' என்று சொல்லவில்லை.

பன்னிரண்டு முப்பத்து மூன்றுக்கு ஓவன் உறுமியது. கதவைத் திறந்தாள். விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. டப்பாவிலிருந்து ஆவி எழுந்து அவள் முகத்தில் பட்டது. ஆறு டப்பா, அடுத்து ஆறு டப்பா. கை தன் பாட்டுக்கு ஓடியது.

மேனேஜர் சொன்ன நேரத்துக்கு வந்தார். கழுத்தில் அட்டை தொங்கும் சுத்தமான மனிதர். உட்கார்ந்தார், ஒரு வாய் போட்டார், நாக்கைச் சுட்டுக்கொண்டு தண்ணீர் குடித்தார். அண்ணிக்கு அந்த மனிதரின் நாக்குக்கு ஒரு மாலை போடலாம் போலிருந்தது. டப்பாவைக் காலி செய்துவிட்டு, கை கழுவப் போகும் வழியில் அவர் ஓவனைச் சுற்றிப் பார்த்தார்.

"சாப்பாடு நல்லா இருக்கும்மா. சூடாவும் இருக்கு. ஸ்டிக்கர் கிழிஞ்சிருக்கே."

"ரிப்பேர் சார். வேற வழி தெரியலை."

"எனக்கும் மேல ஆளுங்க இருக்காங்க. திறந்த மெஷினை இங்க வச்சிருக்க முடியாது." அவர் கோபப்படவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "லைசன்ஸ் இருக்கிற மெக்கானிக் என் முன்னாடி வந்து பார்த்து, கையெழுத்துப் போடட்டும். இன்னைக்கே புது ஸ்டிக்கர் ஒட்டி, ஒரு வருஷத்துக்குக் காகிதமும் தந்துடுறேன். அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். அதுக்கு மேல என்னால ஆகாதும்மா."

அண்ணி புருஷனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

பெரியவனுக்குப் பரீட்சை என்றாலே காய்ச்சல் வரும். எழுதிப் பாஸ் பண்ணி லைசன்ஸ் வாங்கியது சின்னவன். கடையின் எல்லாக் காகிதத்திலும் அவன் கையெழுத்துதான்.

"அவன் எந்த ஊர்ல இருக்கான்னு யாருக்குத் தெரியும்" என்றான் பெரியவன். "தெரிஞ்சாலும் போய் நிக்கமாட்டேன். அம்போன்னு விட்டுட்டுப் போனவன்." பையை எடுத்தான். "நான் அவர்கிட்ட இன்னொரு தடவை பேசிப் பாக்குறேன்." மேனேஜர் பின்னாலேயே தாழ்வாரத்தில் போனான். கெஞ்சத் தெரியாத மனுஷன் கெஞ்சப் போகிறான் என்பது அவன் முதுகிலேயே தெரிந்தது.

அண்ணி மாடிப்படிப் பக்கம் ஒதுங்கினாள்.

"கேட்டியா?"

"கேட்டேன்."

"உன் ஆபீஸ் எங்க இருக்கு?"

"பஸ்ல இருபது நிமிஷம்."

"இருபது நிமிஷம்." இயர்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "ரெண்டரை மாசம் இருபது நிமிஷத்துல உட்கார்ந்துக்கிட்டு, வெளியூர்னு எங்களை முட்டாளாக்கினே. சரி, போகட்டும். சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். ஒரே ஒரு கையெழுத்து, தம்பி. வா. உங்க அண்ணன்கூட நீ பேசவேண்டாம். நான் உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நிக்கிறேன்."

"அழைப்பு பதிவாகுது, அண்ணி."

"ஆகட்டும். நீ வரலைன்னா நாளையிலிருந்து எனக்கு இந்த இடம் இல்லை. உனக்குத் தெரியும், வீட்டுல வேற எதுவும் இல்லைன்னு. தெரிஞ்சும் வரமாட்டேன்னா, என்ன காரணம்னு சொல்லு. ரெண்டரை மாசமா சொல்லாத அந்தக் காரணத்தைச் சொல்லு."

அவனுக்குப் பின்னால் வேறு குரல்கள் வேறு யாருக்கோ வணக்கம் மேடம், வணக்கம் சார் என்று சொல்லிக்கொண்டிருந்தன.

"வந்தா அண்ணன் என் கையைப் பார்த்துடுவாரு" என்றான் சின்னவன்.

"கையா?"

"கடைசி நாள், கடையில, இதே மாதிரி ஒரு ஓவன். காலி பண்ணோம், ஃப்யூஸ் மாத்தினோம், ஒரு தடவை ஓட்டிப் பார்த்தோம், திரும்பத் திறந்தோம். 'ஆச்சாண்ணே'ன்னு கேட்டேன். 'ஆச்சு, ஆச்சு'ன்னாரு. வாசல்ல யாரோ கூப்பிட்டாங்கன்னு எழுந்து போனாரு. நான் கையை விட்டேன்."

அண்ணி தன் விரல்களைப் பார்த்தாள்.

"அவர் திரும்பி வந்தப்ப நான் எழுந்து உட்கார்ந்துட்டேன். தலை சுத்துதுன்னேன். நம்பிட்டாரு." குரல் ஒருமுறை உடைந்து, சரியாயிற்று. "வலது கையில மூணு விரல் மடங்கினது மடங்கினபடியே இருக்கு, அண்ணி. ஸ்க்ரூடிரைவர் நிக்கலை. பேனாவும் நிக்கலை. இதைப் பண்ணது தான்தான்னு அண்ணனுக்குத் தெரியாது."